சுண்ணாம்புத் தொட்டியும் பன்னிரண்டு வாரங்களும்

திண்டுக்கல் பேகம்பூரில் பிறந்தவர்களுக்குத் தோல் ஷாப்பின் வாடை புதிதன்று. பெண் பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்குள் நுழைந்து, பிரியாணி வாசம் வந்த பிறகுதான் கையை எடுப்பார்கள் என்று எங்கள் பக்கம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த வாடையிலேதான் என் பாட்டனார் ஹஜ்ஜுக்குப் பணம் சேர்த்தார். அந்த வாடையிலேதான் என் அத்தா எங்கள் நால்வரையும் படிக்க வைத்தார். எனவே, அதைப் பழித்து எழுத எனக்கு உரிமையில்லை. ஆயினும் அந்த வாடை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையைத் தொடங்கவும் வழியில்லை.

உப்பிட்டு வந்த ஆட்டுத் தோலை நீரில் ஊறவைத்து, பின்னர்ச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கரைத்த தொட்டியில் போடுவார்கள். மயிர் கரைந்து கூழாகித் தோலைவிட்டு நீங்கும். அந்தக் கழிவு நீரில் அமிலம் கலந்துவிட்டால் அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயு கிளம்பும். தொட்டியைக் கழுவ இறங்கியவன் ஏறி வராமற்போன செய்தியைத் தோல் தொழில் நடக்கும் ஊர்களில் கேட்காதவர் இல்லை. எங்கள் பெருமையெல்லாம் பின்னால் வரும் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருந்தது. எங்கள் பாவத்தில் பெரும்பங்கு முன்னால் இருந்த அந்தத் தொட்டியில் இருந்தது.

1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. வேலூர் என்று பெயர் இருந்தாலும் அந்தத் தீர்ப்பு எங்கள் மாவட்டத்தையும் தொட்டது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஷாப்புகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவனே அதற்கான விலையைக் கொடுக்கவேண்டும் என்னும் நெறி நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியது அந்தத் தீர்ப்பினால்தான். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கின்படி 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுவிட்டன என்னும் செய்தியும் அதில் இருந்தது. அத்தா அந்த எண்ணிக்கையைப் பத்திரிகையில் இரண்டு முறை படித்தார். “தண்ணி கெட்ட ஊர்ல ஒளு செய்யவும் தண்ணி இல்லேம்மா” என்றார். சில ஆண்டுகளில் ஷாப்பை மூடினார். கடன் அடைந்தது, தொட்டிகள் மட்டும் வாய் பிளந்தபடி கிடந்தன.

நான் நுண்ணுயிரியல் படித்ததற்கும் அந்தத் தொட்டிக்கும் உறவு உண்டு. மயிர்க்காலைத் தோலோடு பிணைத்து நிற்கும் புரதத்தை மட்டும் தின்று, தோலின் உயிரான கொலாஜனைத் தொடாமல் விடும் ஒரு நொதி கிடைத்தால், சல்பைடு வேண்டாம். சுண்ணாம்பும் பெருமளவு வேண்டாம். மயிரும் கூழாகாமல் முழுதாகக் கழன்று வரும். அதை அள்ளி எருவாக்கலாம். நொதி என்பது தோல் தொழிலுக்குப் புதியதும் அன்று. மேல்நாட்டில் தோலை மென்மையாக்க நாய் எச்சத்தையும் புறா எச்சத்தையும் பயன்படுத்தி வந்தார்கள். 1907இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்னும் வேதியியலார், அந்த அசிங்கத்தில் வேலை செய்வது நொதிதான் எனக் கொண்டு, விலங்கின் கணையத்திலிருந்து எடுத்த நொதியை அதற்கு மாற்றாகக் கொண்டுவந்தார். அவரிடம் அறிவு இருந்தது. ஓட்டோ ஹாஸ் என்னும் வணிகர் கூட்டாளியானார். இருவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனமே பின்னாளில் உலகறிந்த ரோம் அண்டு ஹாஸ். எச்சத்தைத் தொட்டுத் தொட்டுக் கை கழுவிய தலைமுறைக்கு அது எத்தகைய விடுதலை என்பதை நம்மவர் எளிதில் உணர்வார்கள்.

எங்களுக்கு ஹாஸ் கிடைக்கவில்லை. ஆகவேதான் ஆக்ஸிலரேட்டரைத் தேடிப் போனேன்.

மோட்டார் வண்டியில் வேகம் கூட்டக் காலால் மிதிப்பதற்கு என்ன பெயரோ, அதே பெயர்தான் இதற்கும். புதுத் தொழில் தொடங்குகிறவர்களைக் குழுவாகத் தேர்ந்து, மூன்று நான்கு மாதம் ஓரிடத்தில் வைத்து, சிறு முதல் கொடுத்து, வழிகாட்டிகளைச் சேர்த்துவிட்டு, கடைசி நாளில் முதலீட்டாளர்கள் முன்னே மேடையேற்றும் ஏற்பாடு அது. அதற்கு ஈடாக நிறுவனத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் 2005இல் ஒய் காம்பினேட்டர் இந்த முறையைத் தொடங்கி வைத்தது. அது கணிப்பொறிக்காரர்களுக்கு என்றே முதலில் எண்ணப்பட்டது. கணிப்பொறிக்கு ஒரு மேசை போதும். உயிரியலுக்கோ ஆய்வுக்கூடம் வேண்டும், குளிர்பெட்டி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும். 2015இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் இண்டிபயோ என்னும் அமைப்பு, ஆய்வுக்கூடத்தையும் கூடவே கொடுத்து, உயிரியல்காரர்களுக்காக இதை நடத்தத் தொடங்கியது. விலங்கை அறுக்காமல் நுண்ணுயிரைக்கொண்டே கொலாஜன் செய்ய முனைந்த ஜெல்ட்டார் அங்கிருந்து வந்ததுதான். மருந்துக் குப்பியின் உறை எந்த விலங்கினுடையது என்று புரட்டிப் புரட்டிப் பார்க்கும் நம் தாய்மார்களுக்கு அந்தச் செய்தியின் அருமை தெரியும்.

நம் நாட்டில் 2012இல் மத்திய அரசு பைராக் என்னும் அமைப்பை ஏற்படுத்தியது. அதன் பயோடெக்னாலஜி இக்னிஷன் கிராண்ட் 18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும், பங்கு கேட்காது. நானும் விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. எழுத்தில் தெளிவு போதவில்லை என்பது என் எண்ணம். அடுத்து பெங்களூரில் ஓர் ஆக்ஸிலரேட்டரில் இடம் கிடைத்தது. பெயரைச் சொல்லவேண்டிய அவசியமில்லை. நல்லவர்கள்தாம். பன்னிரண்டு வாரம், ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசை, 25 லட்சம் ரூபாய்.

அந்த 25 லட்சத்தில்தான் முள் இருந்தது. பத்திரத்தின் பெயர் கன்வெர்ட்டிபிள் நோட். இன்று அது கடன். நாளைப் பெரிய முதலீட்டாளர் வரும்போது பங்காக மாறும். அதுவரை ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. “வட்டியை நீங்கள் பணமாகக் கட்டவே வேண்டாம்; அதுவும் பங்காகிவிடும்” என்று அவர்களுடைய வக்கீல் ஆறுதல் சொன்னார். என்னோடு தேர்வான எட்டுக் குழுவினரும் படிக்காமலே கையெழுத்திட்டார்கள். எனக்குக் கை ஓடவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டு ஊருக்கு வந்தேன்.

அத்தா என்னை எங்கள் ஹஜ்ரத்திடம் அழைத்துச் சென்றார். ஹஜ்ரத் பத்திரத்தைத் தமிழில் சொல்லச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். நடுவில் தேநீர் வந்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி: “கடனுக்கு மேல் குறித்த கூடுதல் உண்டா, இல்லையா?” உண்டு என்றேன். “அது ரூபாயாக வந்தாலும் பங்காக வந்தாலும் பெயர் ஒன்றுதானே?” என்றார். ஒய் காம்பினேட்டர் 2013இல் வட்டியும் தவணையும் இல்லாத ஸேஃப் என்னும் பத்திரத்தைக் கொண்டுவந்ததை நான் சொன்னேன். வட்டி போயிற்று, ஆனால் எத்தனை பங்கு என்று இன்று தெரியாத வியாபாரத்தில் மயக்கம் இருக்கிறதே என்று அவர் தயங்கினார். “கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். முதல் ஒருவருடையது, உழைப்பு ஒருவருடையது. இலாபத்தில் இன்னாருக்கு இன்ன பங்கு என்று தெரிந்த வியாபாரம். அப்படிக் கேட்டுப் பாரும்மா. கேட்பதில் வெட்கம் என்ன?” என்றார்.

கேட்டேன். முதலில் மறுத்தார்கள். ஒருவருக்காகப் பத்திரத்தை மாற்றினால் எல்லாரும் மாற்றச் சொல்வார்கள் என்றார் தலைவர். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயமே. பிறகு, சாதாரணப் பங்காகவே எடுத்துக்கொள்கிறோம், ஆனால் நூற்றுக்கு ஒன்பது வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் கணக்குப்படி அவர்கள் கைக்குப் போவது ஏறக்குறைய ஆறுதான். அந்த மூன்று எனக்கு நெஞ்சில் குத்தியது. தொலைபேசியில் அத்தாவிடம் சொன்னேன். “அது விலை, வட்டி இல்லே. விலைன்னா பேசலாம், கட்டுப்படியாகலேன்னா எந்திரிச்சு வந்துரலாம்” என்றார். ஐம்பது ஆண்டு சந்தையில் நின்றவர் பேச்சு. பேசினேன், எட்டரைக்கு முடிந்தது. இந்த அரையை இன்றுவரை அத்தா உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பன்னிரண்டு வாரம் எப்படி ஓடியது என்பதை விரித்தால் வாசகர்களுக்கு அலுப்புத் தட்டும். காலையில் ஆய்வு, பகலில் கணக்கு, மாலையில் பேச்சுப் பயிற்சி. உங்கள் சந்தை எவ்வளவு பெரிது, ஒரு தோலுக்கு என்ன செலவு, பெரிய நிறுவனம் இதையே நாளைச் செய்தால் என்ன செய்வீர்கள் என்று நாள்தோறும் ஒருவர் வந்து குடைவார். உண்மையைச் சொன்னால், பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டில் என்னிடம் யாரும் கேட்காத கேள்விகள் அவை. ஒரு கிலோ நொதிக்கு என்ன அடக்கவிலை என்பதை முதன்முதலாக அங்கேதான் கணக்கிட்டேன். கணக்கிட்ட இரவு தூக்கம் வரவில்லை. சல்பைடு அவ்வளவு மலிவு. மயிரை விற்ற காசையும், கழிவு நீரைச் சுத்திகரிக்கும் செலவில் மிச்சமாவதையும் சேர்த்தால்தான் தராசு சமமாகிறது. அந்தச் செலவைச் செய்யாமல் தட்டிக்கழிக்கிறவனுக்கு என் நொதி என்றைக்கும் விலை அதிகம்தான்.

நுண்ணுயிருக்கு நம் நாட்காட்டி தெரியாது. ஒன்பதாம் வாரம், பெங்களூர்க் குளிர்ச்சியில் நன்றாக வேலை செய்த நொதியை எங்கள் ஊரில், சித்திரை வெயிலில், ஒரு நண்பரின் ஷாப்பில் டிரம்மில் போட்டுப் பார்த்தோம். இருபது ஆட்டுத் தோல்கள். பதினாறு மணி நேரம் என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. கூரைத் தகரத்தின் கீழ் இருந்த சூடு அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. விடிந்து திறந்தபோது பதின்மூன்று தோல்கள் வெள்ளை வெளேரென்று, மயிர் ஒன்றில்லாமல், அத்தா வாய்விட்டு ‘மாஷா அல்லாஹ்’ சொல்லும்படி இருந்தன. ஏழு தோல்களில் மேற்பரப்பு நைந்து, விரலால் தேய்த்தால் உரிந்து வந்தது. நான் முழுதாகச் சுத்தம் செய்யாத நொதியில் கொலாஜனைத் தின்னும் வேறொன்றும் கலந்திருந்தது. குளிரில் தூங்கியது வெயிலில் விழித்துக்கொண்டது.

இறுதி நாளில் மேடையில் ஆளுக்கு ஆறு நிமிடம். பதின்மூன்றைக் காட்டினால் போதும் என்றார் வழிகாட்டி. பொய் சொல்லச் சொல்லவில்லை, அவரைக் குறை கூறக்கூடாது. ஏழைப் பற்றிக் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் ஆறு நிமிடத்தை அதில் வீணாக்காதீர்கள் என்றார். அதில் ஒரு நியாயமும் இருந்தது. ஆனால் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே இருந்த ஈரத்தை விரலில் கண்டு பெருமானார் (ஸல்) அவர்கள் வியாபாரியிடம் கேட்ட கேள்வியை ஓதும் பள்ளியில் படித்தவள் நான். நனைந்த தானியத்தை மேலே வைத்திருக்கவேண்டும் என்பதுதானே அங்கே பாடம்? நைந்த தோல் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மேடையில் முதலில் நல்ல தோலைக் காட்டினேன். நான்காம் நிமிடத்தில் நைந்ததை எடுத்தேன். என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. இருபதில் ஏழு இப்படி ஆயின, காரணம் இது, சரிசெய்ய எட்டு மாதமும் இன்ன தொகையும் வேண்டும் என்றேன். முன் வரிசையில் இருவர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார்கள். கைதட்டல் மற்றவர்களுக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை. அன்று மாலை எட்டுக் குழுக்களையும் சுற்றிக் கூட்டம். என் மேசையில் சமோசா ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியாக ஒருவர் வந்தார். தோலுக்கான இரசாயனச் சரக்கு விற்கும் வியாபாரி, வயதானவர், நம்மவரல்லர். நைந்த தோலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தேய்த்தார். நல்லதை அவர் கேட்கவே இல்லை. “டிரம்முக்குள்ள சூடு எத்தனை டிகிரி இருந்துச்சு?” என்றார். அளக்கவில்லை என்றேன். “அதை அளந்துட்டு வாங்க” என்று சொல்லி அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பணம் இன்னும் வரவில்லை. ஆக்ஸிலரேட்டர் கொடுத்த 25 லட்சத்தில் மீதமிருப்பது ஐந்து மாதத்துக்குக் காணும். அத்தாவின் மூடிய ஷாப்பில் ஒரு தொட்டியைக் கழுவி, மேலே சிறிய டிரம் ஒன்றை வைத்திருக்கிறோம். அதில் வெப்பமானி பொருத்தியாகிவிட்டது. அத்தா ஒவ்வொரு மணிக்கும் அதைப் பார்த்து, பழைய ஷாப்புக் கணக்கு நோட்டில் மிஞ்சியிருந்த பக்கங்களில் எழுதி வைக்கிறார். நேற்று பஜ்ருத் தொழுகைக்குப் போகுமுன் எழுதியது 31 டிகிரி.