இரும்பின் பதம்

நெய்வேலி மக்களுக்கு இரும்பைப் பற்றி நாம் எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். 1957ஆம் ஆண்டு சுரங்கப் பணி தொடங்கிய நாள்முதலாக, பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடக்கும் கடின மணற்கல், மண்வெட்டும் இயந்திரங்களின் எஃகுப் பற்களைத் தேய்த்துவருவதை இங்கு அறியாதார் யார்? ஆயினும், அண்மையில் நாம் கற்ற பாடமொன்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

ஆலய மணியின் கயிறு ஓடும் கப்பியின் அச்சாணி தேய்ந்துபோயிற்று. செலவு மிச்சமென எண்ணி, கட்டட வேலையில் மிஞ்சிய கம்பித் துண்டொன்றை நாமே அறுத்துச் செருகினோம். கம்பியின் மேலிருந்த வரிகள் மூன்றே மாதத்தில் கப்பியின் துளையையும் அரித்துவிட்டன.

பணி ஓய்வு பெற்ற கடைசல் தொழிலாளியான நம் பங்குப் பெரியவர் ஒருவர், தம் வீட்டுக் கொட்டகைக்கு நம்மை அழைத்தார். அங்குக் கிடந்த தண்டுகளைச் சாணைக்கல்லில் பிடித்துக் காட்டினார். மெல்லெஃகு நீண்ட பொறிக்கோடுகளைச் சிந்தியது. அதில் கரிச்சத்து சுமார் 0.2 விழுக்காடே. கரிச்சத்து மிகுந்த எஃகின் பொறியோ நட்சத்திரங்களாய் வெடித்தது.

"கொக்கிக்கும் திருகாணிக்கும் மெல்லெஃகு போதும், சாமி, வளையுமே தவிர ஒடியாது. ஆனா அதைக் காய்ச்சி நனைச்சாலும் உரம் ஏறாது" என்றார்.

நட்சத்திரம் சிந்திய தண்டையே கடைந்து, செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தினார். அரம் வைத்தால் வழுக்கியது. வேலை முடிந்ததென்று கை நீட்டினோம்.

"இப்ப இது கண்ணாடி மாதிரி, சாமி. ஒரு அடி பட்டா ஒடிஞ்சிடும்" என்று தடுத்தார். மேற்புறத்தைத் துலக்கி, இளஞ்சூட்டில் மெல்ல வாட்டினார். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என மாறி, ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் நீலம் படர்ந்ததும் எடுத்து ஆறவைத்தார். கடினம் சற்றே குறைந்தது. அடி தாங்கும் வலிமை வந்தது.

நாம் பேச்சற்று நின்றோம். முந்தைய ஞாயிறன்று, பாடற்குழு இளைஞன் ஒருவனை அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டிருந்தோம். அவன் செய்த பிழை உண்மையே. ஆனால், அதன்பின் அவனிடம் ஒரு சொல்லும் பேசினோமில்லை. நெருப்பைத் தந்தோம், இளஞ்சூட்டைத் தர மறந்தோம். அன்று மாலையே அவன் இல்லம் சென்று, கடிந்த முறைக்காக வருந்தினோம்.

1955இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். பட்டறையின் பொறுமை, பிள்ளை வளர்க்கும் இல்லத்துக்கும் உரியதன்றோ! பெற்றோரே, கண்டிக்க வேண்டிய வேளையில் கண்டியுங்கள். அன்றிரவே அப்பிள்ளையை அருகே அமர்த்தி உணவு பரிமாறுங்கள்.

அச்சாணி நன்றாக ஓடுகிறது. அவ்விளைஞன் திருப்பலிக்கு வருகிறான்; பாடற்குழுவுக்கு இன்னும் திரும்பவில்லை. நாம் காத்திருக்கிறோம்.