வாசலில் விழுந்த வெடிப்பு

சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் அப்புறம் ஜன்மத்துக்கும் கவலையில்லை என்று நம்மவர்களிடையே ஒரு நம்பிக்கை இருந்து வருகிறது. மண் வாசலாயிருந்தால் தினம் பெருக்கவேண்டும், சாணம் தெளிக்கவேண்டும். மழை பெய்தால் சேறு, கோடை வந்தால் புழுதி. இவ்வளவு தொல்லையும் ஒரே நாளில் தீர்ந்ததென்று எண்ணிக் கிருகஸ்தர்கள் வீட்டுப் படியிலிருந்து தெரு வரையில் கான்கிரீட்டைக் கொட்டி மூடிவிடுகிறார்கள். சாணம் தெளித்த வாசலையாவது தினம் ஒருவர் குனிந்து பார்த்தார். சிமெண்டு வாசலுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. மூன்றாம் வருஷம் அதில் மயிரிழை போல் ஒரு கோடு விழுகிறது. ஐந்தாம் வருஷம் அந்தக் கோட்டில் புல் முளைக்கிறது. அப்போதுதான் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியவருகிறது.

தேனியில் நம்முடைய வாசலும் இந்த விதிக்கு விலக்கல்ல. இரும்புக் கதவிலிருந்து வண்டி நிற்குமிடம் வரையில் முப்பது அடி நீளம். மதிலுக்கு மதில் பன்னிரண்டு அடி அகலம். வீடு கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் இவ்வளவையும் ஒரே பாளமாக ஊற்றி, முகம் பார்க்கலாம் போல் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். கான்கிரீட் ஜடப் பொருள்தான். ஆனாலும் அதற்கு ஒரு சுபாவம் உண்டு. காயக் காயச் சுருங்கும், வெயிலில் விரியும், பனியில் மறுபடியும் சுருங்கும். நாலங்குலக் கனமுள்ள தளமென்றால் எட்டு முதல் பன்னிரண்டு அடிக்கு ஒரு தடவை, குறுக்கே ஓரங்குல ஆழத்துக்குக் கோடு கீறிவிட வேண்டும். தளம் சுருங்கும்போது அந்தக் கோட்டுக்கு அடியிலேயே, யார் கண்ணிலும் படாமல் பிளந்துகொள்ளும். நாம் கோடு போட்டுக் கொடுக்காவிட்டால் அது தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்கிறது. நம் வாசலில் அது வைகையையும் அதன் உபநதிகளையும் தேசப்படம் மாதிரி வரைந்து வைத்திருந்தது.

"வாசல்தானே? கூரையா ஒழுகப் போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. கூரை ஒழுகினால் தலையில் சொட்டித் தெரிவித்துவிடும். வாசலில் இறங்கும் நீர் சத்தமில்லாமல் அடிமண்ணை அரித்துக்கொண்டு போகிறது. மேலே தளம், கீழே வெறும் பொந்து. ஒரு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் பானையைத் தட்டினாற்போல் ஒலிக்கும். அந்த இடத்தில் ஒரு நாள் மோட்டார் வண்டியின் சக்கரம் ஏறும். அப்புறம் பூச்சு வேலை பலிக்காது. உடைத்துப் போடும் வேலைதான்.

நம்முடைய ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைவது ஒரு சுவரின் கசிவை ஓயாமல் அடைத்து வந்ததனால் அல்லவா? கர்னல் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது. உள்ளே கருங்கல்லும், சுண்ணாம்போடு செங்கல் தூளாகிய சுர்க்கி சேர்த்த சாந்தும். நீரின் அழுத்தத்தில் அந்தச் சுண்ணாம்பு மெள்ளக் கரைந்து வெளிவரத் தொடங்கியது. 1930-களில் அணையில் துளையிட்டுச் சிமெண்டுக் கரைசலைச் செலுத்தினார்கள். 1960-ல் மறுபடியும் செலுத்தினார்கள். 1979-க்குப் பிறகு மேலே கான்கிரீட் தொப்பி வைத்து, எஃகுக் கம்பிவடங்களால் பாறையோடு பிணைத்து, பின்புறம் கான்கிரீட் முட்டும் கொடுத்தார்கள். அணை நிற்பது கேரள எல்லைக்குள்; பராமரிப்பது தமிழ்நாடு. பென்னிகுயிக் பிறந்தது ஜனவரி 15-ஆம் தேதி. அந்தத் தைப்பொங்கல் சமயத்தில் பள்ளத்தாக்குக் கிராமங்களில் அவர் படத்துக்கு முன் பொங்கல் வைக்கிறார்கள். கட்டியவருக்குப் பொங்கல் சரிதான். துளையிட்டு அடைத்தவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

நம் தெருக்கோடியில், வேலையை விட்டு ஓய்ந்திருக்கும் ஒரு கொத்தனார்ப் பெரியவர் இருக்கிறார். அவரை அழைத்து வந்து வாசலைக் காட்டினோம்.

"அந்தக் காலத்திலே சுண்ணாம்புச் சாந்துக்குக் கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் விடுவோம், வாத்தியாரய்யா. சின்ன வெடிப்பு விட்டாலும் மழையிலே சுண்ணாம்பு கரைஞ்சு தானே மூடிக்கிடும். இந்தச் சிமெண்டுக்கு அந்தப் பொறுமை இல்லை" என்றார்.

"ஆள் அனுப்புகிறீர்களா, பெரியவரே?"

"இதுக்கு ஆள் எதுக்குங்கய்யா? வெடிப்பு அடைக்கிறது கூலிக்காரன் வேலை இல்லை. அவன் ஒரு நாளிலே பூசிட்டுப் போயிருவான். இதை ஆறு மாசம் பார்த்துக்கிட்டே இருக்கணும்; வீட்டிலே இருக்கிறவங்கதான் பார்க்க முடியும்."

ஆகவே நாமே கரணையைக் கையில் எடுத்தோம். பட்டம் வாங்கியவர் வாசலில் குந்திச் சாந்து குழைப்பதைக் கண்டு போகிறவர் வருகிறவர்களெல்லாம் சிறிது நேரம் நின்று அனுதாபப்பட்டார்கள். வகுப்பில் உடலுழைப்பின் பெருமையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வதற்கும், மாணவர் பார்க்க அதைச் செய்வதற்கும் உள்ள தூரம் நம் நாட்டில் இன்னும் அதிகமாகத்தான் இருக்கிறது.

முதல் வேலை சாந்து அல்ல, பென்சில். வெடிப்பின் இரு கரையிலும் ஒவ்வொரு புள்ளி வைத்து, நடுவிலுள்ள தூரத்தை மாதம் ஒரு முறை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டோம். தையிலிருந்து ஆனி வரையில் பெரிய வெடிப்புகள் மூன்றில் இரண்டு அசையவே இல்லை. கதவருகே இருந்த மூன்றாவது, வெயிலில் ஒடுங்கியது. மறு மார்கழியில் மீண்டும் வாய் திறந்தது. அசையாத வெடிப்புக்குச் சிமெண்டுச் சாந்து போதும். அசைகிற வெடிப்பில் சிமெண்டை அடைத்தால் அது பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பைப் பெற்றுவிடும். பெரும்பாலான வீடுகளில் இரண்டையும் ஒரே சட்டிச் சாந்தால் பூசி, மறு வருஷம் சிமெண்டுக் கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

வேலைக்கு நாம் தேர்ந்துகொண்டது தை மாதம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும். ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் அடிக்கும் காற்றும் அப்போது இராது. ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றும் அந்தக் காற்று, ஈரச் சாந்தின் மேல்தோலை ஒரு மணி நேரத்தில் உலர்த்தி, அடைத்த இடத்திலேயே புது வெடிப்பை உண்டாக்கிவிடும். தவிர, குளிரில் வெடிப்பு அகலமாக இருக்கும். அப்போது அடைத்தால் பின்னால் இழுபடாது.

அசையாத இரண்டையும் உளியால் இருபுறமும் செதுக்கி, கம்பித் தூரிகையால் தேய்த்து, புல்லின் வேர் வரையில் பிடுங்கிக் கழுவினோம். இந்தச் சுத்தத்திலேதான் முக்கால் வேலை அடங்கியிருக்கிறது. தூசியின் மேல் பூசிய சாந்து தூசியைத்தான் பிடித்துக்கொள்ளும். பிளவு ஈரமாயிருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது. ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு சலித்த மணல். ஒட்டுவதற்கென்று கடையில் விற்கும் பால் போன்ற திரவம் கொஞ்சம். கையுறை அவசியம், சிமெண்டு விரலைத் தின்றுவிடும். பிறகு ஏழு நாள் ஈரச் சாக்கு. இந்த ஏழு நாளில் நம் இல்லத்தரசி கோலத்தைப் படிமேல் போட்டுக்கொண்டு, "சாக்குக்கு வந்த யோகத்தைப் பாருங்க" என்று சொன்னது உண்மையே.

கதவருகே இருந்த வெடிப்புக்கு வேறு வைத்தியம். அதை நன்றாக உலரவிட்டு, உள்ளே ஸ்பஞ்சுக் கயிற்றை அழுத்தி, மேலே ரப்பரைப் போல் வளைந்து கொடுக்கும் பாலிசல்பைடுப் பசையை இட்டோம். கயிறு எதற்கென்றால், பசை இரு பக்கச் சுவரை மட்டும் பிடிக்கவேண்டும். அடித்தரையையும் பிடித்துக்கொண்டால் இழுக்கும்போது கிழிந்துவிடும்.

அமெரிக்காவில் வீட்டு வாசல்களைத் தாரால் போட்டு, சில வருஷத்துக்கொரு முறை வீட்டுக்காரர்களே கறுப்புப் பூச்சு ஒன்றைப் பூசுவது வழக்கம். நிலக்கரித் தாரால் செய்த பூச்சு மழையில் தேய்ந்து ஓடைகளில் விஷம் சேர்ப்பதாகக் கண்டு, டெக்ஸாஸிலுள்ள ஆஸ்டின் நகரத்தார் 2006-ல் அதைத் தடை செய்தார்கள். வாசலில் பூசுவது வாசலோடு நிற்பதில்லை என்பதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நம் தெரு சரிவானது. எல்லா வீட்டு வாசலும் சிமெண்டு. போதாததற்கு ஒவ்வொருவர் வண்டியும் ஏறுவதற்குச் சாக்கடையின் மேல் ஒரு மேடை. ஐப்பசியில் ஒரு மணி நேரம் மழை கொட்டினால், அத்தனை வீட்டு நீரும் கடைசி வீட்டுப் பாட்டியம்மாளின் திண்ணையில் ஏறுகிறது. அந்த அம்மாளுக்கு வண்டியும் இல்லை, சிமெண்டு வாசலும் இல்லை.

வெடிப்பை அடைத்தால் நம் வாசலிலிருந்து இன்னும் கொஞ்சம் அதிகமாகவே நீர் அங்கே போகும். ஆகையால் பள்ளமான பக்கத்து மதிலோரம், பானை ஒலி கேட்ட இடத்தையும் சேர்த்து, இரண்டடி அகலத்துக்குத் தளத்தை உடைத்தெடுத்தோம். இதற்கு மட்டும் ஆள் வைத்தோம். கீழே மண்ணும் கூழாங்கல்லும் போட்டு, ஓரத்தில் மழைநீர்க் குழி ஒன்று தோண்டினோம். 2003-ல் தமிழ்நாடு முழுவதும் வீட்டுக்கு வீடு கட்டாயமாகத் தோண்டிய குழிகளில் எத்தனை இன்று தூர்ந்துவிட்டன என்று அவரவர் கொல்லையில் பார்த்துக்கொள்ளலாம். தளம் பத்தடிக்கு இரண்டங்குலம் வீதம் அந்தப் பக்கமாகவே சரிந்திருந்தது அதிருஷ்டம். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தோம். தெருவுக்கு வராமல் மதிலோரத்தில் இறங்கியது.

சென்ற ஐப்பசியில் பாட்டியம்மாளின் திண்ணையில் தண்ணீர் ஏறத்தான் செய்தது. ஒரு வீட்டு நீர் நின்றதனால் தெருநீர் நின்றுவிடாது. எதிர்வீட்டுக்காரர் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலோடு வந்து, மதிலோரத்தை அளந்துகொண்டு போயிருக்கிறார். கதவருகே ரப்பர்ப் பசை ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கரையை விட்டிருக்கிறது. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "தை வரட்டுங்கய்யா" என்றார்.