மலை ஏறாத காய்ச்சல்

ஆபிரிக்காவின் உறக்க நோய் பற்றிய கட்டுரையொன்றை அண்மையில் படித்துக்கொண்டிருந்தேன். செற்சி என்னும் ஈ கடிப்பதால் பரவும் நோய் அது. அந்த ஈயின் வாழ்க்கை வியப்புக்குரியது. நுளம்பைப் போல நூற்றுக்கணக்கில் முட்டையிடுவதில்லை; ஒரு தடவைக்கு ஒரேயொரு புழுவைத் தன் வயிற்றிலேயே பாலூட்டி வளர்த்து ஈனுகின்றது. பெருக்கம் மெதுவாக இருப்பதால் அதனை அடக்குவதும் கைகூடக்கூடிய காரியமே. நீல நிறம் அந்த ஈயை ஈர்க்கும். ஆற்றங்கரையில் நஞ்சு தோய்த்த சிறு நீலத் துணிகளை நட்டுவைக்கிறார்கள். நோயாளரைத் தேடிச் சென்று சோதித்து மருந்தும் கொடுக்கிறார்கள். 1998 இல் ஏறத்தாழ 40,000 ஆகப் பதிவான நோயாளர் தொகை, 2018 முதல் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் எண்கள் இவ்வாறு இறங்குவதைக் காணும்போதெல்லாம் எனக்குள் ஓர் அச்சம் எழும். அதற்குக் காரணம் ஆபிரிக்கா அன்று, கொத்மலை.

என் தாயார் கொத்மலைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் தலைமன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் ஒருவர். அந்தப் பாதையில் காய்ச்சலிலும் கொள்ளை நோயிலும் மடிந்தவர் பலர். உயிர் தப்பி மலை ஏறியவர்களிடம் ஒரு நம்பிக்கை நிலைத்துவிட்டது. "குளிர் காய்ச்சல் கீழ்நாட்டுச் சீக்கு. அது மலை ஏறாது" என்பார் அம்மா. முற்றிலும் மூடநம்பிக்கை என்றும் சொல்ல முடியாது. 1934-35 இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்ட கொள்ளை நோய் கேகாலை, குருநாகல் பக்கங்களைச் சூறையாடியபோது, உயர்ந்த தோட்டங்கள் பெரும்பாலும் தப்பிக்கொண்டன.

அந்தக் கொள்ளை நோய்க்குக் காரணம் மழை பெய்ததன்று, பொய்த்தது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் முதன்மையான நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். சாக்கடை அதற்கு ஆகாது. வெயில் படும் தெளிந்த நீர்க்குட்டை வேண்டும். ஆறு நிறைந்து ஓடினால் முட்டைகளும் புழுக்களும் அடித்துச் செல்லப்படும். 1934 இல் ஆறுகள் வற்றின. பாறை இடுக்குகளில் தேங்கிய குட்டைகள் அனைத்தும் நுளம்புத் தொட்டில்களாயின.

இதனை நான் நூல்களில் படித்திருந்தேன். ஆயினும் 1985 இல் கொத்மலை அணை பற்றிச் செய்தி எழுதியபோது இதை நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. சுவீடன் நாட்டின் உதவி, 87 மீற்றர் உயரக் கற்பாறை அணை, 201 மெகாவாற் மின்சாரம், நீரில் மூழ்கிய கடதொர விகாரை எல்லாவற்றையும் எழுதினேன். அணைக்குக் கீழே ஆறு என்ன ஆகும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. நீர் அணையில் நின்றுபோக, கீழே ஆற்றில் ஓட்டம் குறைந்தது. கற்களுக்கிடையே குட்டைகள் தோன்றின. 1934 இல் வானம் செய்ததை இம்முறை மனிதர் செய்தனர். மலேரியா எட்டாத இடமென்று கருதப்பட்டிருந்த அந்த மகாவலிக் கரையோரங்களில், 1980களின் பிற்பகுதியில் மலேரியா வெடித்தது.

அணை திறந்து ஓராண்டு கழிந்திருக்கும். மாமாவிடமிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. ஆற்றையொட்டிய கீழ்ப் பிரிவு லயங்களில் நடுக்கத்தோடு காய்ச்சல் பரவுகிறது, தோட்டத்து மருந்துக்கார ஐயா வெள்ளைக் குளிசை மட்டும் தருகிறார், "உங்கள் பத்திரிகையில் நாலு வரி போடுங்கள் தம்பி" என்று எழுதியிருந்தார். வடக்கிலே போர் நடந்துகொண்டிருந்த காலம். தோட்டத்துக் காய்ச்சல் செய்தியாகுமா என்று நானே தீர்ப்பளித்து, கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். செய்தியாசிரியரிடம் கொடுத்து அவர் மறுத்திருந்தால் இன்று அவர்மீது பழி போட்டிருக்கலாம். நான் கொடுக்கவேயில்லை.

மூன்று வாரத்தில் தந்தி வந்தது. மாமாவின் இளைய மகன், இருபத்திரண்டு வயது, நினைவு தப்பிய நிலையில் லொறியில் ஏற்றிச் செல்லப்பட்டு, ஆஸ்பத்திரியில் மறுநாள் இறந்துபோனான். அங்கேதான் முதன்முதலாக அவன் விரலிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசிப் பார்த்திருக்கிறார்கள். பெல்சிபாரம் வகை. மூளையைத் தாக்கியிருந்தது. மருந்துக்கார ஐயாவை நான் குறை சொல்லமாட்டேன். அவரும் மலை ஏறாது என்று நம்பியவரே. இழவு வீட்டில் மாமா கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "பஸ் கிடைச்சுதா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

பின்னர் பழைய அறிக்கைகளைத் தேடிப் படித்தேன். 1940களில் டீ.டீ.ரீ. தெளிப்பு தொடங்கியது; 1963 இல் நாடு முழுவதிலும் பதினேழே நோயாளர். வென்றுவிட்டோம் என்று தெளிப்பை நிறுத்தினார்கள். 1969 இல் நோயாளர் ஐந்து இலட்சத்தைத் தாண்டினர். இப்போது எண் உண்மையாகவே சுழியம்: உள்நாட்டில் தொற்றிய நோயாளர் 2012 ஒக்டோபருக்குப் பின் இல்லாதிருந்ததால், 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. போர் நடந்த ஆண்டுகளிலும் காய்ச்சல்காரரின் இரத்தத்தைச் சோதித்த ஊழியர்களின் உழைப்பு அது. அவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியது சொற்பம். அதே 2016 இன் இறுதியில், நகரத்துக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் வேறொரு நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. எங்கள் பாட்டன்மார் வந்திறங்கிய அதே மன்னார்.

சில காலத்துக்கு முன் கொத்மலைக்குப் போயிருந்தேன். அணையருகே பிள்ளைகள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கீழ்ப் பிரிவில் மாமாவின் லயம் இன்னும் இருக்கிறது. கூரைத் தகரம் மட்டும் புதிது. அங்கே தாய்மாரின் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் சுகாதார ஊழியரிடம், காய்ச்சல்காரருக்கு மலேரியாச் சோதனை செய்வதுண்டா என்று கேட்டேன்.

"வெளிநாடு போய் வந்தவங்கன்னா அனுப்புவோம் ஐயா. மத்தபடி இந்த மலைக்கு அது வராதுங்களே" என்றார்.

ஆற்றைக் காட்டி, அந்த ஆண்டைச் சொன்னேன். அவர் பிறப்பதற்கு முந்திய ஆண்டு. இன்னொரு தடவை கேட்டு, அட்டையின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.