ஏழாவது வாரம்

நாய்க்குட்டி எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "இதுதாங்க தானா என்கிட்ட ஓடிவந்துச்சு. இதையே எடுத்துக்கறேன்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குட்டி தண்ணீர் கேன் போட வந்தவரிடமும் அப்படித்தான் ஓடியது. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரின் ஷூ லேஸைக் கடித்து இழுத்தது. யார் வந்தாலும் முதலில் ஓடுகிற சுபாவம் அதற்கு.

வேளச்சேரியில் எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஒரு தெருநாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. தாய்க்குச் சோறு வைப்பது இரண்டாவது மாடி அக்கா, குட்டிகளுக்கு வீடு தேடுவது நான் என்று ஏற்பாடு. மதுரையில் தனியாக இருக்கும் அப்பா போனில், "அதுல ஒண்ணு எனக்கு எடுத்து வைடா" என்றார். அம்மா போன இந்த இரண்டு வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. ஆனால் வயது 68. வலது முட்டியில் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முரட்டுக் குட்டியாக அமைந்தால், வளர்ந்த பிறகு ஒரே இழுப்பில் ஆள் தரையில் கிடப்பார். இல்லையென்றால் ஏழெட்டு மாதத்தில் சமாளிக்க முடியாமல் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். இன்னொரு இழப்பை நானே பார்சல் கட்டி அனுப்பிய மாதிரி ஆகிவிடும்.

இதற்கென்று ஒரு பரீட்சை இருக்கிறது. நாய்ப் பயிற்சியாளர்களான ஜாக், வெண்டி வோல்ஹார்ட் தம்பதி வகுத்தது. குட்டி பிறந்த 49-ஆம் நாள், அதற்குப் பழக்கமில்லாத இடத்தில், பழக்கமில்லாத ஒருவர், ஒவ்வொரு குட்டியாகத் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். மொத்தம் 10 சோதனைகள். கைதட்டிக் கூப்பிட்டால் வருகிறதா, எழுந்து நடந்தால் பின்னாலேயே வருகிறதா, மல்லாக்கப் போட்டு 30 விநாடி பிடித்தால் திமிறுகிறதா, கசக்கிய காகிதத்தை எறிந்தால் எடுத்து வருகிறதா, கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினால் என்ன செய்கிறது, பக்கத்தில் குடையை விரித்தால் என்ன செய்கிறது என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மார்க். 1 என்றால் கையைக் கடித்துக்கொண்டு மேலே ஏறும் ரகம். 6 என்றால் ஆளையே சட்டை செய்யாத ரகம். சாதுவான வீட்டுக்கு 4 வாங்குகிற குட்டி தோது.

ஆபீஸ் நண்பன் ஒருவனைப் பரிசோதகர் ஆக்கினேன். இடம்தான் சிக்கல். தடுப்பூசி முழுசாகப் போடாத குட்டியைக் கண்ட தரையில் விட்டால் பார்வோ வைரஸ் பயம். கடைசியில் நாயே கால் வைத்திராத அவன் வீட்டு ஹாலில் நடத்தினோம். போனில் இதை விவரித்தபோது அப்பா, "நீ எனக்கு நாய் பாக்குறியா, மாப்பிள்ளை பாக்குறியா?" என்றார்.

ஓடிவரும் கறுப்புக்கு எல்லாம் 1, 2. காது மடிந்த பழுப்புக்கு 3, 4. வெள்ளைக்குட்டி பாத்திரச் சத்தத்துக்கு சோபா அடியில் போனதுதான், நண்பன் படுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மற்ற இரண்டும் நடுவாந்திரம். அவற்றுக்குச் சீக்கிரமே வீடு கிடைத்துவிட்டது.

மார்க்கை அப்படியே நம்பிவிடவும் முடியாது. ஸ்வீடனில் 8 வார ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகளைச் சோதித்து, வளர்ந்த பிறகு மறுபடியும் சோதித்தார்கள் வில்சனும் சுண்ட்கிரெனும். 1998-இல் வந்த அந்த ஆய்வின்படி, குட்டியில் பார்த்ததை வைத்து அது வேலைக்குத் தேறுமா என்று சொல்ல முடியவில்லை. பார்டர் கோலி நாய்களை வைத்து 2014-இல் வெளியான இன்னொரு ஆய்விலும் கிட்டத்தட்ட அதே கதை. புது இடத்தைத் துருவிப் பார்க்கும் ஆர்வம் மட்டும்தான் பெரிதான பிறகும் ஓரளவு தங்கியிருந்தது. ஆச்சரியமில்லை. மனிதர்களோடும் உலகத்தோடும் குட்டி பழகும் முக்கியமான காலம் சுமார் 3-ஆவது வாரத்திலிருந்து 12-ஆவது வாரம் வரை என்று ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965-லேயே எழுதிவிட்டார்கள். ஏழாவது வாரத்தில் சோதிப்பது, பாதி எழுதிய கோடை டெஸ்ட் பண்ணுகிற மாதிரி. மல்லாக்கப் போட்டுப் பிடித்து 'ஆதிக்க குணம்' கண்டுபிடிப்பதில் எனக்கு நம்பிக்கையே கிடையாது. நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: பயந்த குட்டி எவ்வளவு நேரத்தில் மீள்கிறது. பழுப்பு, சத்தத்துக்குத் துள்ளி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தானே வந்து கரண்டியை முகர்ந்தது.

"எங்க காலத்துல நாய்க்கு எவன்டா மார்க் போட்டான்?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அவர் சின்ன வயதில் வளர்த்த மணியைக் கட்டியே வைத்ததில்லை. பிடிக்காத ஆள் வந்தால் அது எழுந்து அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போய்விடும். இரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு வரும். எந்த வீட்டோடு ஒட்டிக்கொள்வது என்று மணிதான் முடிவு செய்தது. இப்போது கேட் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, நாலாவது மாடியில் பூட்டிய கதவு இருக்கிறது. நாய் எழுந்து போக வழியில்லை என்று ஆன பிறகு, அதற்காக யாராவது முன்னாடியே கேட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் என் எக்செல் ஷீட்டில் குட்டிகளைப் பற்றிய கட்டங்களைவிட ஆட்களைப் பற்றிய கட்டங்கள் அதிகம். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாக விடுவீர்கள்? ஹவுஸ் ஓனருக்குத் தெரியுமா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? ஒருவர், "பாஸ்போர்ட்டுக்குக்கூட இவ்ளோ கேக்கலங்க" என்று கோபித்துக்கொண்டு போனார். போகட்டும்.

அப்பா வைகையில் வந்து இறங்கினார். மார்க்கெல்லாம் பார்க்கவில்லை. பார்க்கிங்கில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்தார். கறுப்பு ஓடிவந்து வேட்டியைப் பிடித்து இழுத்தது. "இதான். இதுக்குத்தான் துடி இருக்கு" என்றார். நான் பேசவில்லை. பேசினால் முட்டியைப் பற்றிப் பேச வேண்டிவரும். அரை மணி கழித்து எழுந்தார். கறுப்பு இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து சுற்றியது. சேரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சேருக்குக் கீழே அவர் செருப்பின்மேல் தாடையை வைத்துத் தூங்கிய பழுப்பைக் காட்டி, "இதுக்குப் பேர் ஏதும் வச்சிருக்கீங்களா?" என்றார்.

கறுப்பைத் தினமும் காலையில் ஓடப்போகும் ஒரு தம்பதி எடுத்துப் போனார்கள். வெள்ளையை யாரும் கேட்கவில்லை, அக்காவே வைத்துக்கொண்டார். வீட்டில் குக்கர் விசிலடித்தால் அது கட்டிலுக்கடியில் ஓடிவிடும். முதல் வாரம் சமையல் முடிந்து அடுப்பை அணைத்த பிறகும் வெளியே வராது. இப்போது நாலாவது விசிலுக்கு மூக்கு மட்டும் வெளியே தெரிகிறதாம்.