ஒரு வாரக் குளிருக்கு எத்தனை வருஷ பில்?

கேட்டி, டெக்சாஸ்



எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் கோயம்புத்தூர்ப் பெண் இந்த வாரம் கேஸ் பில்லோடு என்னைப் பார்க்க வந்தாள். அவளும் கணவரும் போன வருஷம்தான் ஊரிலிருந்து வந்தார்கள். பில்லின் நடுவே ‘கஸ்டமர் ரேட் ரிலீஃப்’ என்று ஒரு வரியும் அதற்கு நேரே ஒரு தொகையும் இருந்தன. அதில் விரலை வைத்து, “இது எதுக்குங்க்கா?” என்று கேட்டாள்.

“2021 பிப்ரவரியில் இங்கே பெருங்குளிர் வந்தது. அந்த வாரத்துக் கேஸுக்கான பணம்.”

“அப்ப நான் காலேஜுல படிச்சிட்டிருந்தனுங்க்கா. அந்தக் கேஸுக்கு நாங்க எதுக்குங்க கட்டோணும்?”

நியாயமான கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். நம் ஊர்த் தெருக்களிலும் கேஸ் குழாய் பதித்துவரும் காலம் இது. நமக்கும் இதில் பாடம் உண்டு.

டெக்சாஸில் குளிர்காலம் என்றால் ஒரு ஸ்வெட்டரோடு முடிந்துவிடும். அந்த வருஷம் பிப்ரவரி நடுவில், குளிர் விடைபெறும் நேரத்தில், வடதுருவக் காற்று நேரே இறங்கிவந்தது. ஹூஸ்டனில் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸுக்குப் போனது. டல்லாஸில் மைனஸ் 19. பிப்ரவரி 15 அதிகாலை ஒன்றரை மணிவாக்கில் மாநில மின்கட்டமைப்பை நடத்தும் எர்காட் அமைப்பு மின்வெட்டை ஆரம்பித்தது. சுழற்சி முறையில்தான் வெட்டு என்றார்கள். பலர் வீட்டில் போன மின்சாரம் நாட்கணக்கில் திரும்பவில்லை. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருண்டன. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி அதே நிலை நீடித்திருந்தால் மாநிலத்தின் முழுக் கட்டமைப்பும் சரிந்திருக்கும், மீட்க வாரக்கணக்கில் ஆகியிருக்கும் என்று பின்னால் எர்காட்டே சொன்னது.

எங்கள் வீட்டுக் குழாயில் கேஸ் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மேல்மாடத்தில் இருக்கும் கேஸ் ஹீட்டர் எரியவில்லை. அதைப் பற்றவைக்கும் பொறிக்கும், சூட்டை அறைகளுக்குத் தள்ளும் காற்றாடிக்கும் கரண்ட் வேண்டும். எரிபொருள் வாசல்வரை வந்தும் வீடு உறைந்தது. ஹாலில் உட்கார்ந்து பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. சமையலறை அடுப்பை மட்டும் தீக்குச்சி கிழித்து ஏற்ற முடிந்தது. மின்அடுப்பு மட்டுமே உள்ள அடுக்ககங்களில் இருந்த சிநேகிதர்கள் அரிசியும் குழந்தைகளுமாக வந்து சேர்ந்தார்கள். பெரிய பாத்திரத்தில் மிளகு ரசம் கொதிக்கக் கொதிக்க, எல்லோரும் அந்த அடுப்பங்கரையில்தான் நின்றோம். சமைத்து முடித்த கையோடு என் கணவர் அடுப்பை அணைத்துவிடுவார். குளிர்காய அடுப்பையோ கரியையோ வீட்டுக்குள் எரியவிட்ட சில குடும்பங்களில் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்தது. மூடிய கொட்டகையில் காரை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்தவர்களிலும் சிலர் பிழைக்கவில்லை. மாநிலத்தின் கணக்குப்படி மொத்தச் சாவு 246. குழாய்கள் வெடித்தன. ஒரு கோடியே நாற்பது லட்சம் பேருக்குக் குடிதண்ணீர் தடைபட்டது. கழிவறைக்கு ஊற்ற மக்கள் பனியை அள்ளி உருக்கினார்கள்.

அமெரிக்காவின் இயற்கை எரிவாயுவில் கிட்டத்தட்ட கால்வாசி இந்த மாநிலத்தின் பூமியிலிருந்துதான் வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் எப்படித் தட்டுப்பாடு வந்தது? கிணற்றிலிருந்து கேஸ் தனியாக வருவதில்லை, தண்ணீரும் கலந்து வரும். கடுங்குளிரில் அந்தத் தண்ணீர் கிணற்று வாயிலேயே உறைந்து அடைத்துக்கொண்டது. நாளொன்றுக்கு 2,130 கோடி கன அடியாக இருந்த டெக்சாஸின் உற்பத்தி, பிப்ரவரி 17 அன்று 1,180 கோடிக்கு இறங்கியது. கேஸ் குறைய, அதை நம்பிய மின்நிலையங்கள் நின்றன. மின்சாரம் குறைய, எர்காட் மின்வெட்டைக் கூட்டியது. வெட்டிய இடங்களில் கேஸ் வயல்களும், கேஸைக் குழாயில் தள்ளும் கம்ப்ரஸர் நிலையங்களும் இருந்தன. ‘எங்களுக்குக் கரண்டை நிறுத்தாதீர்கள்’ என்று மின் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பதிந்துகொள்ளும் ஏற்பாடு இருந்தும் பல நிறுவனங்கள் அதைச் செய்திருக்கவில்லை. ஆகவே, மின்நிலையத்துக்குக் கேஸ் அனுப்பும் இடத்துக்கே கரண்ட் போனது. 2011 பிப்ரவரியிலும் இதே மாதிரி குளிர், இதே மாதிரி மின்வெட்டு. இயந்திரங்களுக்குக் குளிர்க்காப்பு செய்யுங்கள் என்று அப்போதே மத்திய அமைப்புகள் அறிக்கை கொடுத்தன. பத்து வருஷம் அது அலமாரியில் தூங்கியது. அந்தத் தூக்கத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி விலைக்கு வருகிறேன். நான் குடியிருக்கும் கேட்டி, நம்மவர்கள் நிறைய வீடு வாங்கியிருக்கும் ஊர். இந்த ஊரின் பெயரிலேயே கேஸ் கைமாறும் ஒரு பெரிய சந்தை முனையமும் இருக்கிறது. மொத்தச் சந்தையில் கேஸை அளக்கும் ஓர் அலகு சாதாரண நாளில் 3 டாலர் அளவில் விற்கும். அந்த வாரம் ஹூஸ்டன் கப்பல் கால்வாய்ச் சந்தையில் அது 400 டாலரைத் தொட்டது. பக்கத்து ஓக்லஹோமாவில் ஆயிரத்தையும் தாண்டியது. அதே பிப்ரவரி 15-ஆம் தேதி நம் ஊரில் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏற்றி, சென்னையில் 785 ரூபாயாக்கினார்கள். அம்மா போனில் அதற்கே கொதித்தாள், கொதித்தது சரிதான். ஆனால் இங்கே ஏறிய விகிதத்தில் அங்கே ஏறியிருந்தால் 14.2 கிலோ சிலிண்டர் ஒரு லட்சம் ரூபாய்! நம் ஊரில் எந்த அரசாங்கமும் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நாற்காலியில் இருக்க முடியாது.

2015 சென்னை வெள்ளத்தில் பால் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு விற்றவர்களை ஊரே காறித் துப்பியது. இங்கே அதற்குச் சந்தை விலை என்று பெயர். ஒரு பைப்லைன் நிறுவனம் அந்தப் புயலால் மட்டும் சுமார் 240 கோடி டாலர் கிடைத்ததாகத் தன் காலாண்டுக் கணக்கிலேயே காட்டியது.

இப்போது பில்லில் இருந்த அந்த வரிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் வீட்டுக்குக் கேஸ் தரும் கம்பெனி சந்தையில் என்ன விலைக்கு வாங்குகிறதோ, அதே விலையைத்தான் நம்மிடம் வாங்க வேண்டும் என்பது இங்கத்திய விதி. கேஸின் மேல் லாபம் வைக்கக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த விதியின்படியே, 400 டாலருக்கு வாங்கினால் 400 டாலரும் நம் தலையில் விழும். அந்த ஒரு வாரத்துச் செலவை அப்படியே அடுத்த பில்லில் போட்டால் வீட்டுக்கு வீடு நூற்றுக்கணக்கில் டாலர் கட்ட வேண்டியிருக்கும். மக்கள் தாங்க மாட்டார்கள் என்று மாநிலச் சட்டமன்றம் 2021-லேயே ஒரு சட்டம் போட்டது. கேஸ் கம்பெனிகளின் அந்தச் செலவை அடைக்க ஒரு பொது நிறுவனம் உருவாக்கிக் கடன் பத்திரம் வெளியிடலாம் என்றது அந்தச் சட்டம். 2023 மார்ச்சில் சுமார் 350 கோடி டாலருக்குப் பத்திரங்கள் விற்கப்பட்டன. கேஸ் கம்பெனிகளுக்குப் பணம் வந்துவிட்டது. பத்திரம் வாங்கியவர்களுக்கு ஐந்து சதவிகிதத்துக்கு மேல் வட்டி. அந்த அசலையும் வட்டியையும் வீடுகள் பதினைந்து வருஷத்துக்கு மேல் அடைக்க வேண்டும்.

யார் அடைப்பது? அந்த வாரம் கேஸ் எரித்தவர்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. இந்தக் கட்டணம் கேஸ் இணைப்பைப் பிடித்துக்கொள்கிறது, ஆளை அல்ல. 2021-ல் இங்கே இருந்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் அவருக்கு விடுதலை. நேற்று விமானம் இறங்கி இன்று இணைப்பு வாங்கியவர் கட்ட வேண்டும். எவ்வளவு கேஸ் எரிக்கிறோமோ அவ்வளவுக்கு இந்தத் தொகையும் ஏறும். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இதை விளக்கியபோது அவள் மறுபேச்சுப் பேசவில்லை, பில்லை மடித்துக்கொண்டாள். நாளை அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பாலைக் காய்ச்சினாலும் அதில் 2021-ன் பங்கு இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெக்சாஸ் தன் மின்கட்டமைப்பை அமெரிக்காவின் மற்ற பகுதிகளோடு முழுதாக இணைக்காமல் தனித்தே வைத்திருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டி மின்சாரம் போகாவிட்டால் மத்திய அரசின் கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை. அந்தச் சுதந்திரத்துக்காகவே இந்தத் தனிமை. நெருக்கடி வந்தபோது அக்கம்பக்கத்திலிருந்து வாங்க, அகலமான வழி இல்லை. இதே மாநிலத்தின் மேற்கு மூலையிலுள்ள எல் பாசோ, எர்காட்டில் சேராமல் மேற்குக் கட்டமைப்பில் இருக்கிறது. அங்கே விளக்குகள் பெரும்பாலும் எரிந்தன.

தனித்திருப்பதன் வலி நம்மைப் போல் யாருக்குத் தெரியும்? 2012-ல் தமிழ்நாட்டில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் விசைத்தறியும் பம்புசெட்டும் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வடக்கே மின்சாரம் விற்க ஆள் இருந்தும், கொண்டுவரப் போதிய கம்பி இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் தடம் வழியாகத் தென்னகக் கட்டமைப்பு தேசியக் கட்டமைப்போடு இணைந்தது. ஏழை நாடு என்று இங்குள்ளவர்கள் நினைக்கும் நம் நாடு, அவ்வளவு பெரிய நிலப்பரப்பை ஒரே கட்டமைப்பாக்கிவிட்டது. கம்பி மட்டுமல்ல, ஆளும் அப்படித்தான் கைகோத்தார்கள்: 2018-ல் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது மற்ற மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் லாரி ஏறி வந்து, தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள். அந்த மனிதர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் நிறைகிறது.

டெக்சாஸ் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மின்நிலையங்களுக்குக் குளிர்க்காப்பு கட்டாயமாகிவிட்டது. அதன் பிறகு வந்த குளிர்களில் மாநிலமே இருளும் நிலை வரவில்லை. ஆனால் கேஸ் நிறுவனங்கள் விஷயத்தில், 150 டாலர் கட்டி விலக்குக் கேட்கலாம் என்று முதலில் விதி எழுதப் பார்த்தார்கள். சட்டமன்றத்தில் எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் இறுக்கினார்கள். பழக்கம் அவ்வளவு லேசில் விடாது.

இங்கே மக்கள் உறைந்துகொண்டிருந்த அதே 2021 பிப்ரவரி 17 அன்று ராமநாதபுரம்-தூத்துக்குடி இயற்கை எரிவாயுக் குழாயைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். எண்ணூரில் 2019-லிருந்து கப்பலில் கேஸ் இறங்குகிறது. இனி உங்கள் தெருவிலும் பள்ளம் தோண்டுவார்கள். சிலிண்டர் தூக்கும் வேலை மிச்சம் என்று மகிழுங்கள், தவறில்லை. கூடவே கேளுங்கள்: உலகச் சந்தையில் விலை எகிறினால் என் வீட்டு அடுப்புக்கு யார் அரண்? உள்நாட்டுக் கேஸை முதலில் வீடுகளுக்கு ஒதுக்கும் முறை இன்று நம்மிடம் இருக்கிறது. அதை எந்தச் சீர்திருத்தத்தின் பேரிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அடுப்பு எரிவதை ஓர் இரவின் சந்தை விலையிடம் ஒப்படைத்த மாநிலம், அதன் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது.