முடிவு சொல்லாத நாவல்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையில் இருப்பவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

ஷாரன் பாலா என்ற கனடா எழுத்தாளர் 2018-ல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட 'தி போட் பீப்பிள்' நாவலைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாவலைப் பற்றி என்பதைவிட, அதைப் படித்துவிட்டு என் பேத்தி கேட்ட கேள்விகளைப் பற்றி. டொரோண்டோவில் இருக்கும் என் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போன புத்தகம் அது. பேத்தி பதினொன்றாம் வகுப்பு. நான்கே நாளில் முடித்துவிட்டாள். எனக்கு மூன்று வாரம் ஆனது. சமூக அறிவியல் வாத்தியாருக்கு ஆங்கில நாவல் என்றால் பக்கத்தில் அகராதி வேண்டுமே!

நாவலுக்கு அடிப்படை நடந்த சம்பவம். 2010 ஆகஸ்டில் 'சன் சீ' என்ற பழைய சரக்குக் கப்பல் 492 ஈழத்தமிழர்களை ஏற்றிக்கொண்டு பசிபிக் கடலைத் தாண்டிக் கனடாவின் மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வந்தவர்களுக்குள் புலிகள் கலந்திருக்கலாம் என்று அந்த நாட்டு அரசுக்குச் சந்தேகம். இறங்கியவர்களைக் காவலில் வைத்தார்கள். நாவலில் அப்படி ஒரு கப்பலில் மகிந்தன் என்ற மெக்கானிக், ஆறு வயது மகன் செல்லியனைக் கூட்டிக்கொண்டு வருகிறான். தாய் இல்லாத பிள்ளை. அப்பனைச் சிறையில் வைக்கிறார்கள். பிள்ளை வேறு இடம் போய், கடைசியில் ஒரு கனடியக் குடும்பத்தில் வளர்கிறான். நீ யார், உன்னை உள்ளே விடலாமா என்று விசாரணை மேல் விசாரணை.

"என்ன அப்புச்சி இது, கடைசிப் பக்கம் வரைக்கும் தீர்ப்பையே சொல்லலை? ஏமாத்திட்டாங்க" என்று பேத்திக்குக் கோபம். முடிவு தெரியாத கதை அவள் வயதுக்குப் பிடிக்காது. ஆனால் கோபம் தணிந்த பிறகு அவள் பேசியது எதுவும் சின்னப்பிள்ளைப் பேச்சாக இல்லை.

செல்லியனைப் பற்றித்தான் அதிகம் பேசினாள். அப்பன் உள்ளே இருக்க, பையன் வெளியே ஆங்கிலம் பிடித்துக்கொள்கிறான், அந்த ஊர் வழக்கத்துக்குப் பழகிக்கொள்கிறான். "அவன் மனசளவுல கனடாக்காரன் ஆயிட்டான் அப்புச்சி. கவர்மென்ட்டுக்குத்தான் தெரியலை" என்றாள். விசாரிக்கும் அதிகாரி கிரேஸ் என்ற பெண்ணை நான் கொஞ்சம் திட்டினேன். பேத்தி ஒப்புக்கொள்ளவில்லை. கிரேஸின் குடும்பம் ஜப்பானிய வம்சாவளி. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கனடா அரசு சுமார் 22,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீடுவாசலை விட்டுக் கிளப்பி முகாம்களுக்கு அனுப்பியது. அவர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணின் குடிமக்களாக இருந்தும்! அப்படிப் பாதிக்கப்பட்டவர்களின் பிள்ளைதான் இன்று அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து இன்னொருவனைச் சந்தேகப்படுகிறாள். "அவ கெட்டவ இல்லை. பயந்தவ. தப்பான ஆளை உள்ள விட்டுட்டா பழி தன் மேல வருமேன்னு பயம்." இந்த ஒரு வரிக்காகவே அவளுக்கு முழு மதிப்பெண் போடலாம். நம் ஊரிலும் 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு இதே பயம்தானே வந்தது. அதுவரை சோறு போட்ட கைகள் அதற்கப்புறம் தயங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கேட்டாள்: "நம்ம பக்கம் கூட கேம்ப் இருக்குதுன்னு அம்மா சொன்னாங்க. அங்கிருந்து உங்ககிட்டப் படிச்சாங்களா?"

படித்தார்கள். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் குறுக்குப்பட்டி, பவளத்தானூர், தம்மம்பட்டி, பரமத்தி என்று பல இடங்களில் முகாம்கள் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. ஊர் வாயில் இன்னும் 'கேம்ப்' தான். உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த கேம்ப் பிள்ளைகளை மறந்திருக்க மாட்டீர்கள். என்னிடம் படித்த ஒரு அண்ணன் தங்கையைப் பற்றிப் பேத்தியிடம் சொன்னேன். பெயரும் முகாமும் இங்கே வேண்டாம். அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

தாய் தகப்பன் 1984-ல் படகில் வந்து, மண்டபம் வழியாக நம் மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். 1987 ஒப்பந்தத்துக்குப் பிறகு பலர் திரும்பிப் போனார்கள், இவர்கள் போகவில்லை. அண்ணன் 1986-ல் இங்கே அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தான். தங்கை 1990-ல் பிறந்தாள். அதே ஆஸ்பத்திரி, அதே தாய். இந்த நான்கு வருட இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது.

நம் குடியுரிமைச் சட்டம் 1955-ல் வந்தது. 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்திருந்தால், தாய் தகப்பன் எந்த நாட்டவராக இருந்தாலும் பிள்ளை இந்தியக் குடிமகன். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியராக இருந்து மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருந்தால் அதுவும் செல்லாது. முறையான பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவரைச் சட்டம் அப்படித்தான் அழைக்கிறது. குண்டு விழும்போது பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் நிற்க முடியுமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை. 1951-ம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று நம்மிடம் தனிச் சட்டமும் கிடையாது.

கரும்பலகையில் எழுதுவது போல் பேத்திக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். அண்ணன் சட்டப்படி இந்தியன். தங்கை இல்லை. தங்கையின் மகள் 2010-ல் இங்கேயே பிறந்தவள், அவளும் இல்லை. அண்ணனின் மகன்? அவன் தாயும் ஒரு கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவள், அரசுக் கணக்கில் சட்டவிரோதக் குடியேறி. ஆகவே தகப்பன் இந்தியன், மகன் இல்லை. ஒரு வீட்டுக்குள் ஒருவர் மட்டும் குடிமகன். அவனுக்கும் அது நிரூபிக்கப்பட்டால்தான்!

"செல்லியன் கனடாவுல பிறந்திருந்தா?" என்றாள் பேத்தி. அங்கே அகதியாக வந்தவருக்குப் பிறந்தாலும் பிள்ளை பிறந்த அன்றே குடிமகன் என்றேன். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றையும் சொன்னேன். அந்த அண்ணன் தங்கையின் பாட்டி உயிரோடு இருந்தபோது, தன் மாமனார் வழி ஊர் ராசிபுரம் பக்கம் என்று அடிக்கடி சொல்வார். நம்பக்கூடியதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டிச் சீமைக் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்துக்கொண்டு போன மாவட்டங்களில் சேலமும் ஒன்று (நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான்). இலங்கை 1948-ல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அந்த மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். ஆடு மாடு பிரிப்பது போல என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கும். இவர்கள் குடும்பம் அந்தக் கணக்கில் வந்து சேரவில்லை. 1977 கலவரத்தில் மலையை விட்டு வவுனியா போய், 1983-க்குப் பிறகு படகேறியது. பூட்டன் காலத்தில் சேலம் மாவட்டத்திலிருந்து கிளம்பிய குடும்பம் நூறு வருடத்துக்கு மேல் சுற்றிவிட்டு அதே மாவட்டத்துக்கு வந்து, சட்டவிரோதக் குடியேறியாக உட்கார்ந்திருக்கிறது.

கோடை விடுமுறையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அந்தத் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறாள். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை. அரசு வேலைக்கு விண்ணப்பத்தில் முதல் கட்டமே 'இந்தியக் குடிமகனா' என்பதுதான். அண்ணனுக்கு ரிக் வண்டியில் வடக்கே போக ஆசை. போர் போடும் வண்டி ஒரு தடவை கிளம்பினால் மாதக் கணக்கில் வெளிமாநிலத்தில் நிற்கும். முகாமில் தலை எண்ணும் 'செக்கிங்' நாளில் ஆள் இல்லையென்றால் சிக்கல். ஆகவே பெயிண்டர் ஆனான். உங்களில் சிலர் வீட்டுக்கு அவன்தான் வெள்ளையடித்திருப்பான்.

டீ கொடுத்துவிட்டு அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து வைத்தாள். முகாம் பதிவு அட்டை, குடும்ப அட்டை, அடையாள அட்டை, டி.சி., மார்க் ஷீட், தடுப்பூசி அட்டை, மாதாந்திர உதவித்தொகை வரும் பேங்க் பாஸ்புக், 1984-ல் தகப்பனார் வாங்கிய மக்கிப்போன ஒரு சீட்டு, எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று ஜெராக்ஸ். பேத்தி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். வண்டியில் திரும்பி வரும்போது சொன்னாள்: "ஆவணம் இல்லாதவங்கன்னு சொல்றாங்க. நம்ம வீட்டை விட அவங்க வீட்லதான் அப்புச்சி ஆவணம் ஜாஸ்தி. ஒண்ணு மட்டும்தான் இல்லை."

தமிழக அரசு ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் பின்னூட்டத்தில் எழுத வேண்டாம், அது நியாயமில்லை. ரேஷன் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, 2021-ல் குடும்பத் தலைவருக்கான உதவித்தொகையை 1,000-லிருந்து 1,500 ஆக்கினார்கள், 7,469 புது வீடுகள் அறிவித்தார்கள். பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம். ஆனால் குடியுரிமை கொடுப்பது டெல்லி. 2019 திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் ஒரு மத்திய உத்தரவு வந்தது: 2015 ஜனவரி 9-க்கு முன்பு வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது என்று. நிம்மதிதான். தண்டனை இல்லை என்பதும் குடிமகன் என்பதும் வேறு வேறு.

அந்தப் பெண்ணின் மகள் பத்தாம் வகுப்பு. புத்தகம் இப்போது அவளிடம் இருக்கிறது. பேத்தி, கடைசிப் பக்கத்தைப் பற்றி வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டு வந்தாள். புரியாத ஆங்கில வார்த்தைகளை எனக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறாள். போன வாரம் அனுப்பியது 'அட்ஜூடிகேட்டர்'. இரண்டு பக்கமும் கேட்டு முடிவு சொல்பவர் என்று எழுதினேன். "அப்படி ஒருத்தர் இங்க யாருங்க ஐயா?" என்று பதில் வந்தது. இன்னும் பதில் எழுதவில்லை.

அண்ணன் விஷயத்தில் மட்டும் வழி தெரிகிறது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்த ஒரு பெண், 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர், பிறப்புச் சான்றிதழை வைத்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022-ல் அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டும் போட்டார். நம் பையனும் 1986 தான். ஆனால் அவனிடம் இருப்பது பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி. ஆஸ்பத்திரிச் சீட்டு மழையில் போய்விட்டது. பிறப்புப் பதிவு தேடி ஒரு அலுவலகத்துக்கு மூன்று தடவை போய், பழைய ரெஜிஸ்டர் கட்டிக் கிடக்கிறது, அடுத்த வாரம் வா என்ற பதிலோடு வந்திருக்கிறான். கூலி விட்டுவிட்டு அலைகிறான்.

நம் மாணவர்களில் வழக்கறிஞர்கள் எத்தனையோ பேர், வருவாய்த் துறையிலும் சுகாதாரத் துறையிலும் இருப்பவர்கள் உண்டு. 1986-ம் வருடப் பிறப்புப் பதிவேட்டை முறைப்படி தேடி எடுக்க யாருக்கு எந்தப் படிவத்தில் எழுத வேண்டும், பதிவே இல்லையென்றால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று தெரிந்தவர்கள் எனக்குப் போன் செய்யுங்கள். சிபாரிசு வேண்டாம், வழி சொன்னால் போதும். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பையனையும் வரச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வேலை இல்லை.