சவுக்கு மர நிழல்

பசறைப் பக்கம் தோட்டத்து வீட்டுக்கு சோலர் போட்டு ஆறு மாசம். "காலையில பத்து மணி வரைக்கும் ஒண்ணுமே ஏறலண்ணே" என்று தம்பி புலம்பினான்.

கூரையேறிப் பார்த்தேன். தேயிலைக்கு நிழலுக்காக வளர்த்த சவுக்கு, தன் கிளை நிழலை இரண்டு பேனல் மீதும் போட்டிருந்தது. தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றில் மின்னோட்டம் குறைந்தாலும் மொத்த வரிசையும் தளரும். பைபாஸ் டயோட் ஓரளவுதான் காப்பாற்றும். பொருத்தியவர் மத்தியானம் வந்திருப்பார் போல!

மலைநாட்டுக்கு சோலர் சரிவராது என்பார்கள். மழையும் மூட்டமும் உண்மைதான். ஆனால் சிலிக்கன் பேனல் 25 பாகைக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் திறன் இழக்கும். அங்கே நம்ம ஊவாக் குளிர் கைகொடுக்கும்.

தோட்டத் துரையிடம் கேட்டுக் கிளையைக் கழித்தோம். நீங்கள் காசு கட்டுமுன், காலை எட்டு மணிக்கு ஒருதரம் கூரையைப் பாருங்கள்.